இடது மடிப்பில் ஒரு முகம்

சின்னவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி இறங்கி வருவதைக் கேட்டதுமே பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இத்தனைக்கும் அவள் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் காபிகூட இன்னும் உள்ளே போகவில்லை.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்கள். பெரியவள் வந்து எட்டு வருடம். சின்னவள் வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை, அதற்குள் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அவள் பெயரில்தான் வந்து முடிகிறது. தெருமுனையில் இருக்கும் குடும்பத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள், சேர்ந்துதான் வருகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அக்கா தங்கை மாதிரி. உள்ளே இருக்கிற புகைச்சல் பார்க்கிறவர்களுக்கா தெரியும்?

அதிலும் போன வாரம் சாப்பாட்டு மேசையில் மாமியார் தூக்கிப் போட்டாரே ஒரு குண்டு, அதிலிருந்து பெரியவளுக்குத் தூக்கமே சரியில்லை.

"புது மால்ல நமக்கு ஒரு இடம் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. அந்தக் கிளையை உங்க ரெண்டு பேர்ல ஒருத்திதான் பாத்துக்கணும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். யாரு கடைக்கு ஜனத்தைக் கூட்டிட்டு வர்றாங்களோ, அவ கையிலதான் சாவி. மால் மேனேஜர் அடுத்த வாரம் வர்றாரு. அவர் முன்னாடியே குடுத்துடுவேன்."

அந்த அடுத்த வாரம்தான் இன்று. மேனேஜர் வருவது இன்று மத்தியானம்.

கிளை என்று ஒன்று வந்தால் அது தனக்குத்தான் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவள் பெரியவள். கடைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்ததே அவள்தான். புது ஃப்ரேம் வந்தால் வெள்ளைத் துணி விரித்து, அதை நடுவில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பாள். காதுக் கம்பியின் நிழல்கூட அழகாக விழும். அந்தப் படத்துக்கு மாமியார் ஒரு இதயம் போடுவார். எப்போதோ கண்ணாடி வாங்கிப் போன ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் 'நன்று' என்று எழுதுவார். அவ்வளவுதான். ஊரில் வேறு யாருக்கும் கண்ணே இல்லை போல.

சின்னவள் வந்தாள். ஃப்ரேமை மேசையிலிருந்து எடுத்துத் தன் மூக்கில் மாட்டினாள். போனைப் பார்த்துத் தலையை இப்படி ஆட்டினாள், அப்படி ஆட்டினாள். ரீல்ஸாம். அடுத்த நாளே மூன்று பெண்கள் கடைக்குள் வந்து, "வீடியோவுல ஆடுனாங்களே, அந்தச் சிவப்பு ஃப்ரேம் இருக்கா?" என்று கேட்டார்கள். அதே சிவப்பு ஃப்ரேமைப் பெரியவள் நாலு மாதத்துக்கு முன்பே படம் எடுத்துப் போட்டிருந்தாள்.

"படம் நிக்கும்க்கா. ஜனங்க நிக்க மாட்டாங்க. விரலால தள்ளிட்டுப் போயிட்டே இருப்பாங்க" என்று சின்னவள் ஒருநாள் விளக்கினாள். "முதல் மூணு செகண்டுல ஏதாவது அசையணும். அப்பதான் விரல் நிக்கும்."

எட்டு வருட உழைப்புக்கு மூன்று செகண்டில் கணக்கு முடித்துவிட்டாள். பெரியவள் அன்று தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடை என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடிதான். சுவரில் ஆளுயரத்துக்கு ஒன்று. அதற்கு நேர் எதிரே, மேசை மேல், மூன்று மடிப்பு வைத்த பெரிய கண்ணாடி ஒன்று. வாங்க வருகிறவர்கள் நேராகவும் பக்கவாட்டிலும் தங்களைப் பார்த்துக்கொள்ளத்தான். ஆனால் படம் எடுக்கும்போது இதுதான் எமன். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு பூசணிக்காய் உட்கார்ந்துவிடும். அதனால் படம் எடுப்பதற்கு முன்னால் மூன்று மடிப்பையும் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். அந்தத் துணியைத் தைத்ததும் பெரியவள்தான், மூடுகிற வேலையும் அவளுடையதுதான். சின்னவளின் வீடியோவுக்கும் இத்தனை நாளாக அவளே மூடிக் கொடுத்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரே ஆளு, ஆறு ஃப்ரேமு, ஆறு மூஞ்சி. ஒவ்வொரு தடவை திரும்பறப்பவும் வேற ஆளா மாறணும். டீச்சரு, வக்கீலு, கோவக்காரி..." சின்னவள் போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டே கண் சிமிட்டினாள். "மத்தியானம் மேனேஜர் வர்றதுக்குள்ள நல்லா ஓடிடணும்."

ஓடட்டும், ஓடட்டும் என்று மனசுக்குள் பெரியவள் பல்லைக் கடித்தாள்.

"எல்லாம் ரெடியாக்கா? மூடிட்டீங்களா?" சின்னவள் மூன்று மடிப்புக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஃப்ரேம்களை வரிசையாக மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கறுப்புத் துணி பெரியவளின் கையில்தான் மடித்தபடி இருந்தது. அதை விரிக்க ஒரு நிமிஷம் போதும்.

"ரெடி" என்றாள் பெரியவள்.

துணியை விரிக்கவில்லை. வரட்டும் பூசணிக்காய். நடுமுகத்தில் வந்து உட்காரட்டும்.

சின்னவள் விளக்கின் ஸ்விட்சில் கை வைத்தவள், என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள். "இன்னைக்கு லைட்டே வேணாம்க்கா. வெயில் எவ்வளவு அழகா வருது பாருங்க!"

ஜன்னல் வெளிச்சம் பால் மாதிரி பரவியிருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

பெரியவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவத்தையும் பண்ணி, பலனும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? போனுக்குப் பக்கத்தில் துணியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். எதிரே சின்னவள் திரும்பினாள், டீச்சரானாள். திரும்பினாள், வக்கீலானாள். மாட்டிய ஃப்ரேம் எல்லாம் அவளுக்கென்றே வார்த்த மாதிரி பொருந்தித் தொலைத்தது. அந்த மூக்கைப் பார்த்தால் ஃப்ரேம் கம்பெனிக்காரனே அளவெடுத்துக்கொண்டு போவான். பெரியவள் அவளை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், கண்ணை ஒரு முறை மேலே உருட்டிக் கீழே இறக்கினாள்.

அரை மணி நேரத்தில் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்துவிட்டாள் சின்னவள். போனை நீட்டினாள்.

"போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துடுங்கக்கா."

"எனக்கு வேலை இருக்கு. நீயே பாத்துக்க."

"நெஜமா வேணாமா?"

"வேணாம்னா விடேன்!"

சின்னவள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் ஒரு தட்டு. வீடியோ போய்விட்டது.

கடை திறந்து இரண்டு மணி நேரத்தில் முதலில் கத்தியது மேல்வரிசை. கடையில் கண் பரிசோதிக்கிறவர் அவர். வருகிறவர்களிடமெல்லாம் 'மேல்வரிசையைப் படிங்க, மேல்வரிசையைப் படிங்க' என்றே சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மனிதர் சாதாரணமாக வாயே திறக்க மாட்டார். அவர் பரிசோதனை அறையிலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இருபதாயிரம் பேரு! பாத்துட்டே இருக்கேன், ஏறிட்டே போகுது!"

பெரியவள் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தாள். "எல்லாம் சின்னவ கைராசி" என்றாள்.

"அதில்லம்மா..." மேல்வரிசை நெளிந்தார். "எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

"என்னையா?"

போனை வாங்கிப் பார்த்தாள்.

முன்னால் சின்னவள் சிரிக்கிறாள், திரும்புகிறாள். அவளுக்குப் பின்னால், மூடாத கண்ணாடியின் இடது மடிப்பில், ஒரு முகம். கறுப்புத் துணியை மார்போடு கட்டிக்கொண்டு, எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகம். சின்னவள் வக்கீலாக மாறும்போது அந்த முகம் உதட்டைச் சுழிக்கிறது. கோவக்காரியாக மாறும்போது கண்ணை உருட்டி உருட்டி இறக்குகிறது. முன்னால் இருக்கிற கோவக்காரி பொம்மை. நிஜக் கோவக்காரி பின்னால்தான் நிற்கிறாள்.

கீழே வரிசையாகக் கருத்துகள்.

'பின்னாடி நிக்கிற அக்கா யாருங்க? அவங்களுக்கே என் ஓட்டு.'

'எங்க வீட்டு ஓரகத்தி அப்படியே இதேதான்.'

'அந்தப் பார்வைக்கு எத்தனை பவர் கண்ணாடி போடுவீங்க?'

'நாலு தடவை பாத்துட்டேன். ஃப்ரேமை ஒரு தடவைகூடப் பாக்கல.'

சின்னவள் வந்ததிலிருந்து பெரியவள் வீட்டில் யாருக்கும் காட்டாமல் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த எரிச்சல் அது. ஊரே அவிழ்த்துப் பார்த்துச் சிரிக்கிறது. நின்ற படத்தில் இது வந்திருக்குமா? படம் என்றால் முகத்தைத் துடைத்து, சிரித்து, தயாராகி நிற்கலாம். இந்தப் பாழாய்ப் போன வீடியோ, நாம் தயாராவதற்கு முன்னால் இருக்கிற முகத்தையல்லவா பிடித்துக்கொள்கிறது!

மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, கடையின் பின்னறையில் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. சின்னவளின் வீட்டுக்காரன் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தான். பெரியவளின் வீட்டுக்காரர் லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு, காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தார். மாமியார் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாக அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் டப்பாவைத் திறக்கவில்லை.

பெரியவளின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்த மூஞ்சியா? இதை நான் தினமும் பாக்கறேனே. இதுக்கா இவ்வளவு கிராக்கி?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றாள் பெரியவள்.

மாமியார் போனைக் கீழே வைத்தார். மூக்கில் இறங்கியிருந்த கண்ணாடிக்கு மேலாகப் பெரிய மருமகளைப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே வாசலில் நுழைகிற ஆளின் மூக்கைப் பார்த்து ஃப்ரேம் அளவு சொல்கிறவர் அவர். அந்தப் பார்வைக்கு முன்னால் யாரும் அதிகம் மறைக்க முடியாது.

"ஒண்ணு கேக்கறேன். இது நடிப்பா, நெஜமா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். கிளை, சாவி, எட்டு வருடம் எல்லாம் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நடிப்புதான் அத்தே!" என்றாள் சின்னவள், டப்பா மூடியைத் திறந்துகொண்டே. "நான்தான் அக்காவை நிக்கச் சொன்னேன். ஓரகத்தி சண்டைன்னா எல்லா வீட்லயும் ஓடும்ல? அக்கா என்னமா செஞ்சாங்க பாருங்க. எனக்கே பயமாப் போச்சு."

"அப்படியா?" மாமியாரின் முகம் மெல்ல மலர்ந்தது. "நெஜம்னே நெனச்சுட்டேன்டீ!" சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் அந்த மேனேஜர் போன் பண்ணாரு. அவங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்களாம். 'கண்ணாடியில நிக்கிற அம்மாதானே நம்ம கிளைக்கு வர்றாங்க? அவங்க வந்தா கூட்டம் அலைமோதும்'னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது? ஜனத்தைக் கூட்டிட்டு வர்றவ கையில சாவின்னு என் வாயாலயே சொல்லிட்டேன்."

பெரியவளின் வீட்டுக்காரர், "பரவாயில்லையே!" என்று மனைவியின் முதுகில் தட்டினார்.

"அவரு வர்றதுக்குள்ள இன்னொண்ணு எடுத்து வைங்க. அதே மாதிரி. இந்த வாட்டி நீ முன்னாடி உக்காரு" என்றார் மாமியார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் எங்கே போனது என்று பெரியவள் தேடினாள். கிடைத்தது எல்லாம் பழைய எரிச்சல்தான், அதுவும் இப்போது இரட்டிப்பாக. அழகு அவளுக்கு, சாமர்த்தியம் அவளுக்கு. சரி, போகட்டும். கடைசியில் பெருந்தன்மையும் அவளுக்கேவா? பொய் சொல்லும்போதுகூட ஒரு பருக்கை சிந்தாமல் எவ்வளவு லட்சணமாகச் சொல்கிறாள்!

சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் முன்பக்கம் போய்விட்டார்கள். மால்காரரை உட்காரவைக்க நாற்காலி துடைக்கிற சத்தம் கேட்டது. மூன்று மடிப்புக் கண்ணாடி இருக்கும் பகுதிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அங்கே இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் போனை ஸ்டாண்டில் வைத்து, எதையோ தட்டிச் சரிசெய்தாள். பிறகு அலமாரியைத் திறந்து கறுப்புத் துணியை எடுத்து வந்து பெரியவளின் மடியில் வைத்தாள்.

"வீடியோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன்க்கா. இது உங்க கையிலதான் இருந்துச்சு. மடிச்சபடியே." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூடிட்டீங்களான்னு கேட்டேன். ரெடின்னு சொன்னீங்க."

"மறந்துட்டேன்."

"எட்டு வருஷத்துல ஒரு நாள் மறந்திருக்கீங்களா?"

பெரியவள் துணியைப் பிசைந்தாள். பிறகு அது தானாகவே வெளியே கொட்டியது.

"ஆமாடீ. வேணும்னுதான் மூடலை. உன் வீடியோ நாசமாப் போகணும்னுதான் மூடலை. போதுமா? எட்டு வருஷம் ஒவ்வொரு ஃப்ரேமையும் குழந்தை மாதிரி துடைச்சுத் துடைச்சுப் படம் எடுத்தேன். ஒரு நாய் திரும்பிப் பாக்கல. நீ வந்து தலையை ஆட்டினே, ஊரே திரும்பிச்சு. எனக்கு எரியாதா? நான் என்ன கல்லா? நீ சிரிச்சா எரியுது. நீ பாடினா எரியுது. இப்ப எனக்காகப் பொய் சொன்னே பாரு, அதுக்கும் எரியுது!"

சின்னவள் போனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடைக்கு வர்றவங்க உள்ள நுழைஞ்சதும் என்ன கேப்பாங்க தெரியுமா?" என்றாள். "வீடியோவைப் பாத்துத்தான் வருவாங்க. ஆனா ஃப்ரேம் எடுக்கறதுன்னா, 'பெரியம்மா இல்லையா?'ன்னு கேப்பாங்க. நீங்க இல்லேன்னா நாளைக்கு வர்றோம்னு போயிடுவாங்க. ஒரு வருஷமா கேட்டுட்டிருக்கேன். எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கும்?"

பெரியவள் நிமிர்ந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சில் எங்கோ ஒரு முடிச்சு இளகப் பார்த்தது. அப்போதுதான் காலையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

"போடறதுக்கு முன்னாடி பாருங்கன்னு என்கிட்ட நீட்டினியே. அப்பவே என் முகம் அதுல இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

சின்னவள் சேலை ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டாள்.

"கேக்கறேன்ல? தெரிஞ்சுதான் போட்டியா?"

முன்பக்கத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாங்க! மேனேஜர் சார் வந்துட்டாரு. எடுத்ததை எடுத்தபடி அப்படியே கொண்டு வாங்க, பாக்கணும்ங்கறாரு!"

சின்னவள் எழுந்து போனை நோக்கிக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் பெரியவளின் கண் எதிர்ச்சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில் பட்டது. ஸ்டாண்டில் நிற்கும் போனின் முதுகுப்பக்கம்தான் இவ்வளவு நேரமும் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அதன் திரை அந்தச் சுவர்க் கண்ணாடியில் தெரிந்தது. திரை இருட்டாக இல்லை. இடவலம் மாறிய எண்கள், சிவப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

உட்கார்ந்ததிலிருந்து வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பேசியது எல்லாம் அதில் இருக்கிறது.

"சார் காத்திட்டிருக்காரும்மா!" மாமியாரின் செருப்புச் சத்தம் தடுப்புச் சுவரை நெருங்கியது.

கறுப்புத் துணி பெரியவளின் கையில்தான் இருந்தது. இந்த முறை மூடத்தான் போகிறாள். போனையா, கண்ணாடியையா, தன் முகத்தையா என்பதுதான் தெரியவில்லை.